இரண்டாவது கேபிளுக்கு ஒரு காவல்

ஆயர் குரோவிலும் டுரியான் துங்காலிலும் கணினி வலையமைப்பு படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளே, கணினிகளை இணைக்கும் சுவிட்ச் ஒன்றின் மின்சாரத்தைப் பிடுங்கி என்ன நடக்கிறது என்று ஆய்வுக்கூடத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று செத்தாலும் மற்றவை இயங்க, சுவிட்சுகளுக்கிடையே மாற்று வழியாக இரண்டாவது கேபிள் அவசியம். ஆனால் காவல் இல்லாவிட்டால் தரவு அதில் ஓயாமல் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் முடக்கும். ரேடியா பெர்ல்மன் 1985இல் வெளியிட்ட ஸ்பேனிங் ட்ரீ முறை, உபரி வழியை அடைத்து வைத்து, ஓடும் வழி அறுந்ததும் திறந்துவிடுகிறது. பழைய வடிவத்தில் இதற்கு 50 வினாடிவரை ஆகும். 2001இல் வந்த விரைவு வடிவத்துக்குச் சில வினாடிகள் போதும். செத்த சுவிட்சில் நேரடியாகச் செருகிய கணினிகளை மட்டும் எதுவும் காப்பாற்றாது.

என் கவலை வேறு. ஸ்பேனிங் ட்ரீ வழிகளைக் கணக்கிட ஆதாரமாகக் கொள்ளும் தலைமைச் சுவிட்ச் எது என்று நாம் குறிக்காவிட்டால், வன்பொருள் முகவரி எண் மிகச் சிறியதாக உள்ள சுவிட்சே தலைமையேற்கும். பல நேரம் அது மூலையில் கிடக்கும் பழசு. வலையமைப்பைத் திட்டமிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் எல்லையை மீறி வளர்ந்த வலையமைப்பு சரிந்து, மருத்துவர்கள் நாட்கணக்கில் காகிதத்தில் எழுதினார்கள். ஜாசினில் ஒரு சிறு கிளினிக்குக்கு வேலை செய்தாலும், தலைமையையும் அதற்கடுத்ததையும் நீங்களே அமைத்துக் கொடுங்கள்.