ஜேம்ஸ் ரேக்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் நின்று ‘ஜேம்ஸ்’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது ஞானஸ்நானத்தில் வைக்கிற பெயர். முன்னால் நிற்கும் இனிஷியல்தான் அப்பாவுடையது. வெள்ளைக்காரர்களிடம் இது தலைகீழாகவும் வரும். ஜேம்ஸ் அங்கே பாட்டன் பூட்டன் வழியாக வருகிற குடும்பப் பெயராகவும் இருக்கும்.

1986-இல் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். கோடை விடுமுறையில் வெள்ளையடிப்பதற்காக ஆங்கிலப் புத்தகங்கள் அத்தனையையும் இறக்கி வைத்திருந்தார்கள். திரும்ப அடுக்கும்போது, “சர்நேம் வரிசைப்படி வைப்பா” என்று யாரோ போகிற போக்கில் சொன்னார்கள். கதைப் புத்தகங்களுக்கு மட்டும் சொன்னது அது. நானோ முதுகில் ஒட்டியிருந்த, பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்ணைக் கண்டுகொள்ளாமல் உளவியல், வரலாறு, விளையாட்டு என்று எல்லாவற்றையும் சர்நேம்படியே அடுக்கி முடித்தேன். ஜூனில் வந்த நூலகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரித்து அடுக்க ஆள் கிடைக்கவில்லை. தீபாவளி வரைக்கும் அப்படியே கிடந்தது.

அந்த ஐந்து மாதம் போல அந்த நூலகத்தில் புத்தகம் இரவல் போனதில்லை.

கூட்டம் கூடியது ‘ஜே’ ரேக்கில். 1890-இல் வந்த வில்லியம் ஜேம்ஸின் உளவியல் நூல், இரண்டு தடித்த பாகம். பன்னிரண்டு வருஷம் எழுதினாராம். பக்கத்தில் ஒரு வயது இளைய தம்பி ஹென்றி ஜேம்ஸின் நாவல்கள். தம்பியின் வாக்கியம் தொடங்கிய இடத்தை மறந்த பிறகுதான் முடியும். எனக்கு அண்ணன்தான் இஷ்டம். இந்த இருவரைத் தவிர ரேக்கில் இருந்த மற்ற ஜேம்ஸ்கள் ஒருவருக்கொருவர் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. எம்.ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ்காரர். கல்லூரிகளில் கிடந்த பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு அட்டவணை போட்ட பெரிய அறிஞர். கிறிஸ்துமஸ் வந்தால் நண்பர்களை உட்காரவைத்துத் தான் எழுதிய பேய்க்கதையை வாசித்துக் காட்டுவார். பி.டி. ஜேம்ஸ் பெண்மணி. போருக்குப் போன கணவர் மனநலம் குலைந்து திரும்ப, மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை பார்த்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தார். முதல் துப்பறியும் நாவல் 1962-இல் வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

பையன்கள் முட்டி மோதியது சி.எல்.ஆர். ஜேம்ஸுக்கு. மூன்று இனிஷியலைப் பார்த்துவிட்டு, “நாசரேத்துக்காரரா சார்?” என்று ஒருவன் கேட்டான். டிரினிடாட்காரர். 1963-இல் அவர் எழுதிய கிரிக்கெட் புத்தகத்தில் பந்தும் மட்டையும் எவ்வளவு உண்டோ அவ்வளவு நிறவெறியும் காலனி ஆட்சியும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் அணிக்கு ஃபிராங்க் வொரெலைக் கேப்டனாக்க வேண்டும் என்று பத்திரிகையில் விடாமல் எழுதியவரும் அவர்தான். அவர் கேட்டபடியே கேப்டனான வொரெலின் அணி 1960-61-இல் ஆஸ்திரேலியா போனது. கிரிக்கெட்டுக்காக அந்த ரேக்குக்கு வந்தவன், அதே ஆள் 1938-இல் எழுதிய ஹெய்ட்டி அடிமைகளின் புரட்சி வரலாற்றையும் தூக்கிக்கொண்டு போனான். எண்ணுக்குப் பயந்து நான் ஒழுங்காக அடுக்கியிருந்தால் ஒன்று விளையாட்டுப் பிரிவில் ஒரு மூலையிலும் மற்றது வரலாற்றில் இன்னொரு மூலையிலும் கிடந்திருக்கும்.

டூயியைக் குறை சொல்லவில்லை. தேடி வருகிறவனுக்கு எண்தான் வேண்டும். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் வருகிறவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்? இன்று பல இடங்களில் அவனை ரேக் பக்கமே விடுவதில்லை. கணினியில் தேடி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளிருந்து எடுத்து வந்து தருகிறார்கள். செல்போனில் ஒரு துப்பறியும் நாவல் வாங்கினால் அடுத்து இருபது துப்பறியும் நாவலைக் காட்டுகிறது. கிரிக்கெட் பார்க்க வந்தவனுக்கு அது ஒருநாளும் பேயைக் காட்டாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரேக்குகளைத் திறந்து விடுங்கள். ஒவ்வொரு நூலகத்திலும் ஒரே ஒரு ரேக்கையாவது பொருள் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து அடுக்கி வையுங்கள், மாதத்துக்கு ஒரு பெயராக. தமிழுக்குச் சர்நேம் ஏது என்பீர்கள். ராமசாமி என்றும் சுப்பிரமணியன் என்றும் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், கவிதை முதல் கணக்கு வரை! நூலகத் துறைக்கே ஆசானான எஸ்.ஆர். ரங்கநாதன் பெயரில் எஸ் சீர்காழி, ஆர் அப்பா ராமாமிர்தம். வெள்ளைக்காரர் கேட்லாக்கில் அவர்களெல்லாம் குடும்பப் பெயரில் நிற்க, இவர் தன் சொந்தப் பெயரில் நிற்கிறார். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அந்த ரேக்கை மறுபடி சேர்த்தேன். 2015-இல் புக்கர் பரிசு வாங்கிய ஜமைக்காவின் மார்லன் ஜேம்ஸும், ஆஸ்திரேலியாவில் பிறந்து தன் பால்யத்தைக் கேலியாக எழுதிய கிளைவ் ஜேம்ஸும் இப்போது உண்டு. வயது வந்தவர்களுக்கு மட்டும் எழுதும் இ.எல். ஜேம்ஸ் இல்லை. அது புனைபெயர் என்று வெளியே காரணம் சொல்லிக்கொள்கிறேன். உண்மைக் காரணம், பேத்திக்குப் பன்னிரண்டு வயது.

போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் கிரிக்கெட் புத்தகத்தை வாங்கிப் போனான். ஒரு வாரத்தில் கொண்டுவந்தவன், ரேக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தாத்தா, இந்தப் பேய்க்கதையும் இவர் எழுதினதுதானா?” என்றான்.

“ஆமா, எடுத்துட்டுப் போ” என்றேன்.