தவறான வீட்டில் ஒப்பாரி

கேசட் நினைவேக்கம் நம் சிற்றிதழ்ச் சூழலில் ஒரு தனி இலக்கிய வகையாகவே நிலைபெற்றுவிட்டது. மழை, நெடுஞ்சாலை, இளையராஜா, சிக்கிக்கொண்ட நாடாவைப் பென்சிலால் சுற்றிய கதை. இந்த நான்கும் கைவசம் இருந்தால் கட்டுரை தயார். அண்மைக் காலமாக இவ்வகையில் ஒரு புதுக் கிளையும் முளைத்திருக்கிறது. பழைய காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ப்ளூடூத் வசதியுள்ள புதிய செட்டை மாட்டிக்கொள்கிறவர்களை, ஏதோ கோயில் சிலையைப் பெயர்த்து விற்றவர்களைப் போல ஏசுவது அக்கிளையின் வேலை. எதிர்த் தரப்பிலோ, இருபது வருடத்து வண்டிக்கு எதற்கு இந்த வைத்தியம், பெரிய திரையோடு வருகிற புதிய வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள். இவ்விரு தரப்பையும் நாம் மறுக்கிறோம்.

முதல் தரப்பாரிடம் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. ஐயா, கழற்றத்தான் வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய கார் ஓர் அடுப்பு. அந்த அடுப்பில் இருபது கோடைகள் வெந்த செட்டுக்குள்ளே ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். நாடாவை அழுத்தி நகர்த்தும் சிறு ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கும். வேகம் தள்ளாடும்போது சுருதியும் தள்ளாடும். இதைக் 'காலத்தின் ஈரம்' என்று எழுதுவது அழகாக இருக்கலாம், கேட்பதற்கு அழகாக இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தாத்தாவின் குரல், ஊர்த் திருவிழாவின் கூத்து, கல்லூரிப் பட்டிமன்றம் என்று உலகில் ஒரே ஒரு படி மட்டும் உள்ள நாடாக்களை இத்தகைய செட்டில் ஓட்டுவது, ஓலைச்சுவடியைக் கொண்டு அடுப்பு விசிறுவதற்கு ஒப்பாகும். நாடாவின் மீது உண்மையாகவே பற்றுள்ளவர் அதை நல்ல டெக் ஒன்றில் ஒருமுறை ஓட்டிக் கணினியில் ஏற்றிக்கொள்வார். பிறகு காரில் எதைக் கொண்டு வேண்டுமானாலும் கேட்பார்.

நிற்க. இந்த ஒப்பாரி வைக்கப்படும் வீடே தவறு என்பதுதான் நம் வாதம். இழவு நடந்தது வேறு வீட்டில்.

பழைய செட்டைக் கழற்றிய பிறகு டேஷ்போர்டில் எஞ்சுவது ஒரு செவ்வகத் துளை. முகப்பு அளவு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். ஜெர்மானியத் தர நிறுவனம் டி.ஐ.என். 75490 என்று வகுத்த இந்த அளவு, 1984இல் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற பெயரில் உலகத் தரமாயிற்று. நம் கடைக்காரர்கள் 'சிங்கிள் டின்', இரு மடங்கு உயரமானால் 'டபுள் டின்' என்கிறார்கள். (தகர டின்னுக்கும் இதற்கும் உறவில்லை, அந்த ஜெர்மன் நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம்தான் டின்.) துளைக்குப் பின்னால் வரும் ஒயர்களுக்கும் ஒரு மரபு ஏற்பட்டது. தனியாக விற்கும் செட்டுகளில் மஞ்சள் என்றால் பேட்டரியிலிருந்து எந்நேரமும் வரும் மின்சாரம், சிவப்பு என்றால் சாவி திருப்பினால் மட்டும் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியவை நான்கு ஸ்பீக்கர்களுக்கு. ஒரு நாட்டில் செய்த காரில் இன்னொரு நாட்டில் செய்த செட்டை, இரு நிறுவனங்களையும் அறியாத ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மாட்டிவிட முடிந்தது இதனால்தான். 1980களிலும் 90களிலும் நம் நாட்டில் பெரும்பாலான கார்கள் செட்டே இல்லாமல், அந்தத் துளையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அடைத்து விற்கப்பட்டன. எதை நிரப்புவது என்பது வாங்கியவர் பாடு. வறுமையின் அடையாளமாகத் தோன்றிய அந்த மூடி, உண்மையில் ஓர் உரிமைப் பத்திரம்.

பழையன கழிவதைப் பற்றிய பவணந்தியாரின் நூற்பாவை இரண்டாம் தரப்பார் மேடைதோறும் தூக்கி வருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நூற்பா இருப்பது நன்னூலின் சொல்லதிகாரத்தில். அது சொல் வழக்கைப் பற்றிப் பேசுகிறது. பழைய வண்டியை விற்கச் சொல்லவில்லை. ஒரு சொல் வழக்கொழியும், இன்னொன்று அதனிடத்தில் வந்து அமரும். எழுவாய் நின்ற இடமும் பயனிலை நின்ற இடமும் அப்படியே இருப்பதால்தான் புதுச்சொல்லுக்கு உட்கார இடம் கிடைக்கிறது. சொல்லோடு சேர்த்து இடத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது புதுமை அன்று, ஊமைத்தனம்.

இன்றைய கார்களில் நடப்பது இந்தப் பெயர்த்தெடுப்பே. திரையும் ஏசியும் பின்புறக் கேமராவும் வண்டியின் அமைப்புகளும் ஒரே உடலாக வார்க்கப்பட்டுவிட்டன. செட்டைக் கழற்றினால் குளிர் போகும், கேமரா போகும். 2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்த கதையை இங்கே நினைவுகூரலாம். திரையை இயக்கும் கணினியில் இருந்த 8 ஜி.பி. நினைவகச் சில்லு, எழுதி எழுதித் தேய்ந்து சில ஆண்டுகளிலேயே செயலிழந்துகொண்டிருந்தது. அத்துடன் பின்புறக் கேமராவின் காட்சியும் கண்ணாடியின் பனி நீக்கும் கட்டுப்பாடும் போயின. கேசட் செட் கெட்டால் பாட்டு நின்றது, அவ்வளவுதான். 2023இல் ஜெனரல் மோட்டார்ஸ், இனி வரும் தன் மின்கார்களில் ஆப்பிள் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இராது என்று அறிவித்தது. நம் கைப்பேசியைத் திரையில் காட்டலாமா என்பதையும் இனி அவர்களே தீர்மானிப்பார்கள்.

ஒருங்கிணைப்பின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் நிற்கும் குழந்தைகளின் உயிரை எண்ணிச் செய்த சட்டம் அது. கேமராவுக்குத் திரை வேண்டும் என்பதும் சரியே. ஆனால் அத்திரைக்கும் ஓர் அளவை, ஒரு பொதுக் கப்ளரை வகுக்க முடியாது என்று யார் சொன்னது? 1984இல் முடிந்தது இன்று முடியாமற்போனதற்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று. துளை திறந்திருந்தால் இன்னொருவன் சரக்கு உள்ளே வந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பது நம் துணிபு.

இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திஸ்கி ஒருபுறம், டேப் ஒருபுறம், பாமினி ஒருபுறம் என்று இதழுக்கு ஓர் எழுத்துரு இருந்த காலத்தில், அந்தந்த எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் படிக்கலாம். இல்லையேல் கட்டங்களும் கேள்விக்குறிகளும். அன்று எழுத்துருவுக்கு ஒரு விசுவாசம் இருந்தது, சண்டைகளும் இருந்தன. யுனிகோடு வந்த பிறகுதான், 2010இல் தமிழக அரசும் அதை ஏற்ற பிறகுதான், எந்த எழுத்துருவையும் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளும் நிலை வந்தது. மாற்றாமல் விட்ட எத்தனையோ கோப்புகள் இன்று யாருக்கும் பயனின்றிக் கிடக்கின்றன. அந்த இழப்பை அனுபவித்த நாமே காரின் விஷயத்தில் மூடிய சட்டகத்தைப் 'புதுமை' என்று கொண்டாடுவது விந்தை.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர் தயங்காமல் மாற்றட்டும். மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லட்டும்: கம்பெனிக் கப்ளரை வெட்டி ஒயரை முறுக்கி டேப் ஒட்டக் கூடாது, இடைக் கப்ளர் ஒன்று வாங்கி அதில் மாட்ட வேண்டும். சில நூறு ரூபாய்ச் செலவு. வெட்டிவிட்டால் அடுத்து வருகிறவர் எது மஞ்சள், எது சிவப்பு என்று தடவிக்கொண்டிருக்க நேரும். கழற்றிய செட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், இரகசிய எண் அட்டை இருந்தால் அதையும் சேர்த்துத் துணியில் சுற்றிப் பரணில் வைக்கலாம். புதிய கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் நிறத்தையும் மைலேஜையும் கேட்டு முடித்த பின், இந்தத் திரையைக் கழற்றினால் ஏசி ஓடுமா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்.