குலுக்கல் சீட்டில் கிடக்கும் ஆராய்ச்சி

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கை பட்டதும் உதிர்ந்தது. நாடே அதைப் பார்த்தது. ஐஐடி வல்லுநர்கள் கட்டடத்தின் தரத்தை ஆராய வரவழைக்கப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில், 1993-இல் கட்டிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறிவிட்டதால் உயிர்கள் தப்பின. இரண்டு இடங்களிலும் அரசிடம் எழுந்த கேள்வி ஒன்றுதான்: கட்டடம் நிற்குமா?

அந்தக் கேள்வி அவசியமானது. 2014-இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்த மாநிலம் இது. ஆனால் உறுதியாக நிற்கும் வீட்டுக்குள் இருப்பவர்களும் நோயுறலாம். அவர்கள் எந்த மாடியில், எந்தச் சன்னலுக்கு எதிரே, எத்தனை டிகிரி வெக்கையில் நோயுறுகிறார்கள் என்பதைக் கேட்கும் துறை நம் அரசில் இல்லை. பொறியாளர் கட்டி முடித்துச் சாவியைக் கொடுக்கிறார். மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். அவர் வீட்டைப் பார்ப்பதில்லை. இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கக்கூடிய கணித வல்லுநரை யாரும் கூப்பிடுவதில்லை. இந்த மூவரையும் சேர்த்து ஆராயவைக்கும் வாய்ப்பு அரசின் கையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்வதே இந்தத் தலையங்கத்தின் நோக்கம்.

கட்டடத்தின் உறுதியைப் பொறுத்தவரை கணிதம் எப்போதோ உள்ளே வந்துவிட்டது. கட்டட வேலையில் இருக்கும் எல்லோருக்கும் 'கியூப் டெஸ்ட்' தெரியும். 150 மில்லிமீட்டர் காங்கிரீட் கட்டியை 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்-20 காங்கிரீட் என்றால் ஒவ்வொரு கட்டியும் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் என்று பொருளில்லை. சோதனை முடிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது. அதாவது விதியே நிகழ்தகவின் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கலவையும் பிசகலாம், எந்தக் கொத்தனாரும் தவறலாம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் காங்கிரீட்டுக்கு 1.5, கம்பிக்கு 1.15 என்று பாதுகாப்புக் காரணிகளையும் சேர்த்துத்தான் தூணின் அளவு முடிவாகிறது.

குடியிருப்பவரின் உடல்நலத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் சன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அது வரைபடத்தில் சரிபார்க்கப்படும் விதி. அந்தச் சன்னலுக்கு நேரே அடுத்த பிளாக்கின் சுவர் நின்றால் என்ன ஆகும், குடும்பம் குடியேறிய பிறகு அறைக்குள் மணிக்கு எவ்வளவு காற்று புதிதாக வருகிறது என்பதை யாரும் போய் அளப்பதில்லை. காங்கிரீட்டை நசுக்கிப் பார்க்கிறோம். காற்றைத் தாளில் பார்த்து நம்பிவிடுகிறோம்.

இதன் விலை என்ன என்பதை மும்பை காட்டியது. மான்குர்து, கோவண்டிப் பகுதிகளில் குடிசைவாசிகளுக்காக எழுப்பிய லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் அடுக்குமாடிகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. குடிசை மறுசீரமைப்புத் திட்டங்களுக்காகக் கட்டடங்களுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி விதி தளர்த்தப்பட்டதன் விளைவு அது. 2018-இல் வெளியான ஆய்வு, இந்தக் குடியிருப்புகளைப் போதிய இடைவெளி கொண்ட பி.எம்.ஜி. காலனியோடு ஒப்பிட்டது. வெளிச்சமும் காற்றும் குறைந்த வீடுகளில், குறிப்பாகக் கீழ்மாடிகளில், காசநோய் மிகுதியாக இருந்ததைக் கண்டது. மருத்துவர்களும் ஐஐடி மும்பையின் வல்லுநர்களும் சேர்ந்து செய்ததால்தான் நோயையும் சன்னலையும் ஒரே தாளில் பார்க்க முடிந்தது.

இதற்கான கணக்கு புதிதும் அல்ல, கடினமும் அல்ல. வெல்ஸ்-ரைலி சமன்பாடு என்று பெயர். அறையில் நோயாளிகள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு கிருமியை வெளிவிடுகிறார்கள், மற்றவர்கள் அங்கே எத்தனை மணி நேரம் மூச்சு விடுகிறார்கள், மணிக்கு எவ்வளவு புதுக்காற்று நுழைகிறது போன்ற விவரங்களைக் கொடுத்தால் தொற்றும் வாய்ப்பை அது சொல்லும். பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளின் அறைகளில் இதைச் செய்து பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். சன்னலும் கதவும் திறந்திருந்தபோது, உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் மணிக்கு 40 முறை காற்று மாறியது. புதிய கட்டடங்களில் 17 முறைதான். சிகிச்சை பெறாத காசநோயாளிகளோடு 24 மணி நேரம் இருப்பவர்களில் பழைய அறையில் 11 சதவீதமும் புதிய அறையில் 33 சதவீதமும் தொற்றுக்கு உள்ளாவார்கள் என்று கணக்கு காட்டியது. எந்திரக் காற்றோட்டம் வைத்த அறையில் இது 39 சதவீதம். பணம் செலவழித்துப் பொருத்திய எந்திரத்தைவிடப் பழைய கொத்தனாரின் சன்னல் மேலாக இருந்தது.

மாற்றுக் கருத்து உடனே எழும். காசநோய் வறுமையின் நோய். ஏழையின் தட்டில் சோறு குறைவதுதான் காரணம், சன்னலைப் பழிக்கலாமா? இதில் உண்மை இருக்கிறது. ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்தது. அப்படியானால் ஒரு குடியிருப்பில் நோய் மிகுந்திருந்தால் அதில் உணவின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு, வேலையிழப்பின் பங்கு எவ்வளவு? ஏழைகள்தான் இருட்டு வீட்டில் இருக்கிறார்கள்; இருட்டு வீட்டில் இருப்பவர்கள்தான் ஏழைகள். இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த அரசையும் கட்டட வரைபடத்தை மாற்றச் சொல்ல முடியாது.

முடிச்சை அவிழ்க்கும் நூல் நம் வாரியத்தின் வழக்கத்திலேயே இருக்கிறது. வாரியக் குடியிருப்புகளில் யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். சண்டை சச்சரவும் சிபாரிசும் வராமல் இருக்க வந்த ஏற்பாடு அது. ஒரே ஆற்றங்கரையிலிருந்து, ஒரே நிலையில் வந்த குடும்பங்களில் ஒன்று தரைத்தளத்துக்கும் மற்றொன்று மேல்தளத்துக்கும் சீட்டு விழுந்தபடி போகின்றன. அவர்களுடைய வருமானமோ சாப்பாடோ சாதியோ எந்த மாடி என்பதை முடிவு செய்யவில்லை. எனவே பிறகு இரு மாடிகளுக்கும் நடுவே உடல்நலத்தில் வேறுபாடு வந்தால், அதில் தற்செயலின் பங்கைக் கணிதம் கழித்துவிடும். மிச்சத்துக்கு வீடுதான் பொறுப்பு. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் பெரும் பொருள் செலவழித்து உருவாக்கும் ஒப்பீட்டை நம் அதிகாரிகள் ஒரு பெட்டியில் சீட்டுப் போட்டு இலவசமாகச் செய்துவிடுகிறார்கள். வீட்டு எண்ணைப் பதிவேட்டில் எழுதியதும் வேலை முடிந்துவிடுகிறது.

காசநோயோடு இது நிற்கவும் வேண்டாம். கீழ்மாடியில் காற்றும் வெளிச்சமும் குறையலாம். மேல்மாடியில் பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் தளம் இரவில் வெப்பத்தை வீட்டுக்குள் இறக்குகிறது. வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு, மேல்மாடிக் குடும்பங்களின் தூக்கமும் இரத்த அழுத்தமும் கீழ்மாடிக் குடும்பங்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? லிஃப்ட் நின்றுபோன நாள்களில் எட்டாவது மாடி முதியவர் எத்தனை நாள் கீழே இறங்காமல் இருக்கிறார், அது அவருடைய உடலையும் மனத்தையும் என்ன செய்கிறது என்பதும் இதே கணக்கில் சேரும்.

சென்னைக்கு இந்த வழி பழக்கமானதுதான். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கிய ஆய்வை உலகமே இன்றும் பாடமாகப் படிக்கிறது. 200-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகளில் யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் தற்செயல் முறையில் பிரித்தார்கள். வீட்டிலேயே இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு, ஓய்வின்றி இருந்தும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகமெங்கும் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் அடைத்துவைக்கும் வழக்கத்தை முடித்துவைத்தது. அந்த மையத்தின் வாரிசான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

அந்த ஆய்வையே எதிர்வாதமாக வைப்பவர்களும் உண்டு: நெருக்கடியான வீட்டிலும் நோயாளி குணமாகிறார் என்றால் காற்றோட்டம் எதற்கு? குணமாவது வேறு, பரவுவது வேறு. மருந்து தொடங்கிய நோயாளியைப் பற்றிப் பேசியது 1956 ஆய்வு. நோய் இருப்பது தெரியாமலே மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பவரின் வீட்டைப் பற்றியது நம் கேள்வி. அந்த நாள்களில் அவருடைய குழந்தைகளுக்கு இருக்கும் காவல்களில் சன்னலும் ஒன்று.

இனி செய்யவேண்டியவற்றைச் சொல்கிறோம். முதலாவதாக, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இனித் திறக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும், சாவி கொடுக்கும் நாளில், விருப்பப்படும் குடும்பங்களின் உடல்நலத்தைப் பதிவு செய்யவேண்டும். அடுத்த 5 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் அதைத் திரும்ப எடுக்கவேண்டும். முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமையில் ஒதுக்கும் தரைத்தள வீடுகள் குலுக்கலில் வராதவை என்பதால் அவற்றைத் தனியே குறிக்க வேண்டும். இரண்டாவதாக, குடியேறும் முன் ஒவ்வொரு பிளாக்கிலும் கீழ், நடு, மேல் தளங்களில் சில வீடுகளில் காற்று மாறும் வேகத்தையும் வெப்பத்தையும் அளக்கவேண்டும். தூணுக்குக் கியூப் டெஸ்ட் போல அறைக்கும் ஒரு சோதனை வேண்டும்; அதில் தேறாத வரைபடம் அடுத்த திட்டத்துக்குப் போகக் கூடாது.

மூன்றாவதாக, ஆட்கள். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. பக்கத்தில் ஐஐடி. அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். உலகின் பல தலைநகரங்களில் இத்தனை நிறுவனங்கள் இவ்வளவு அருகருகே கிடையாது. ஆனால் தன் துறை இதழில் எழுதும் கட்டுரைதான் பதவி உயர்வுக்குக் கணக்காகும் வரை, பொறியாளர் மருத்துவரைத் தேடிப் போகமாட்டார். இரண்டு துறைக்கு மேல் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு நிதியை மாநில அரசு ஒதுக்கினால் தேடிப் போவார்கள்.

நான்காவதாக, வெளிப்படைத்தன்மை. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆவது மாடியில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்தது. 4 பேர் இறந்தனர். விசாரணை அறிக்கை அதே ஆண்டில் வெளிவந்தது. ஓரிடத்தில் நேரும் சேதம் கட்டடம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்ற விதி 1970-இல் பிரிட்டனில் வந்தது. அறிக்கை பொதுவில் இருந்ததால் பொறியாளர்கள் அதை அலசினர், விதி பிறந்தது. இங்கேயும் கட்டட உறுதி ஆய்வு, உடல்நல ஆய்வு இரண்டின் முடிவும் குறிப்பிட்ட காலத்துக்குள், தமிழில், குடியிருப்போர் சங்கங்களின் கைக்குப் போகவேண்டும்.

ஓர் அச்சத்தை மறுக்க முடியாது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று மறுகுடியமர்வுக் குடியிருப்பின் முகவரி சொன்னாலே வேலை மறுக்கப்படும் கொடுமையை அங்குள்ள இளைஞர்கள் அறிவார்கள். அதன் மேல் 'நோய்க் குடியிருப்பு' என்ற பட்டமும் விழக் கூடாது. எனவே குடும்பத்தின் பெயரோ வீட்டு எண்ணோ வெளியில் வராமல், முடிவுகளை மாடி வாரியாகவும் வடிவமைப்பு வாரியாகவும் மட்டுமே வெளியிடவேண்டும். பங்கேற்க மறுப்பவரின் ஒதுக்கீட்டுக்கு எந்த இடையூறும் வரக் கூடாது.

குலுக்கல் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லாது. நகரின் நடுவிலிருந்து மக்களை 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தது சரிதானா என்பதற்கு மாடி ஒப்பீட்டில் பதில் இல்லை. அந்த விவாதம் தனியே நடக்கட்டும். கூவம் கரையில் தகரக் கொட்டகையில் இருப்பவருக்கு முதலில் வீடு கொடுங்கள், ஆராய்ச்சி பிறகு என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: இந்த ஆராய்ச்சி ஒரு வீட்டையும் ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தாது. அது தொடங்குவதே சாவி கொடுக்கும் நாளில்தான்.

இந்த மாநிலத்தில் வாரியம் இன்னும் பல்லாயிரம் வீடுகளைக் கட்டப் போகிறது. பழைய பிளாக்குகள் பலவற்றை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பப் போகிறது. இந்த வீடுகளின் ஆயுள் 40, 50 ஆண்டுகள். அவற்றில் இரண்டு தலைமுறை வளரும். அடுத்த ஒதுக்கீட்டுக் குலுக்கலுக்கு நாள் குறிக்கும்போதே முதல் உடல்நலப் பதிவுக்கும் நாள் குறித்து அரசாணை வெளியிட வேண்டும். அதற்குத் தேவையானவை வீட்டுவசதித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து போடும் ஒரு கையெழுத்தும், பதிவேட்டில் கூடுதலாகச் சில பத்திகளும்தான்.