லேபிளின் சுபாவம்

சென்ற வாரம் எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த ஆவக்காய் ஊறுகாய்ப் புட்டியின்மேல், எண்ணெய் ஊறி மஞ்சளித்துப் போன காகித லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. தயாரித்தவர் பெயரும் விலாசமும் பளிச்சென்று தெரிந்தன, ஆனால் எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்று பொறித்திருந்த இடத்திலோ எழுத்தின் சுவடுகூட இல்லை. ஒரே லேபிளில் பெயர் நிலைத்துத் தேதி மட்டும் அழிந்ததற்குக் காரணம், பெயர் மையால் அச்சிடப்பட்டது, தேதி உஷ்ணத்தால் எழுதப்பட்டது என்பதே.

கடைகளில் எடை போட்டவுடன் இயந்திரத்திலிருந்து வெளிவரும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மை என்பதே கிடையாது. காகிதத்தின் மேல் பூசியுள்ள ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுத்து எழுத்தாகிறது. அப்படிப்பட்ட சீட்டை நகத்தால் விரைந்து கீறினால், உராய்வின் சூட்டிலேயே கரிய கோடு விழுவதைக் காணலாம். அந்த எழுத்தை எண்ணெயும் வெயிலும் மங்கச் செய்துவிடும். அடுப்பின் அனலோ காகிதம் முழுவதையும் கறுக்கடித்துவிடும். இன்று வாங்கி நாளை சமைக்கிற கத்தரிக்காய்க்கு அது தாராளமாகப் போதும். ஓராண்டு அலமாரியில் இருக்கவேண்டிய ஊறுகாய்க்கு ஒருபோதும் போதாது.

எழுத்தைப்போலவே லேபிளின் தாளும் பசையும் கவனிக்கத்தக்கவை. 1935-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஸ்டான் ஏவரி என்பவர் தானே ஒட்டிக்கொள்ளும் லேபிளை வியாபாரத்துக்குக் கொண்டுவந்த நாள்முதல், மேலே முகத்தாள், நடுவே பசை, கீழே உரித்தெறியும் அடித்தாள் என்பதே அதன் பொதுவான அமைப்பு. முகத்தாள் காகிதமானால், அது தாவர நாரால் ஆனதாகையால் ஈரத்தைக் குடித்து உப்பும், சுருளும். பாலிப்ரொப்பிலீன் பிலிமானால் ஈரத்தைப் பொருட்படுத்தாது. பிதுக்கி எடுக்கும் புட்டிக்கோ, அதனோடு சேர்ந்து வளைந்து நிமிரும் பாலித்தீன் பிலிமே பொருந்தும். பசையின் விஷயம் இன்னும் நுட்பமானது. கண்ணாடியைக் கெட்டியாகப் பற்றும் அதே பசை, பாலித்தீன் டப்பாவின்மேல் தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டியும் ஒட்டாமலும் நின்று, சில நாட்களில் ஓரத்திலிருந்து எழும்பிவிடுவதுண்டு. ஏனெனில் பசை படர்ந்து பற்றுவதற்கு அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு இடங்கொடுப்பதில்லை.

இவை அச்சகத்தாருக்கு மட்டுமே உரிய விவகாரம் என்று நான் கருதவில்லை. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டிய இன்சுலின் குப்பியை வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் அரும்புகிறதே, அப்போது லேபிள் நனைந்து கிழியுமானால், மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் நோயாளி எங்கே தேடுவார்?

உணவுப் பொட்டலங்களின் லேபிள் கலத்தைவிட்டுப் பிரியாமலும், எழுத்து அழியாமலும், எளிதில் படிக்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த நிபந்தனை விற்பனையாகும் தினத்தோடு முடிந்துபோவதன்று. புட்டி காலியாகும் வரைக்கும் உரியது என்றே கொள்ளவேண்டும். ஆகவே ஊறுகாயும் எண்ணெயும் தேனும் விற்கும் சிறு தொழில்முனைவோரை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஆயிரம் லேபிள் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், இரண்டே இரண்டை வாங்கி உங்கள் புட்டியில் ஒட்டி, ஒருநாள் பசை பிடிக்க விட்டு, எண்ணெய்க் கையால் தடவி ஒரு வாரம் வைத்திருந்து, தேதி தெரிகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.