அழுதவர் ஒருவர், அறுவடை செய்தவர் வேறொருவர்

நண்பனை இழந்தவன் பாடுவது புதுமையன்று. பாரி மாண்டபின் கபிலர் பாடினார். அதியமான் வீழ்ந்தபின் ஒளவையார் பாடினார். அவ்வகைப் பாட்டுக்குக் கையறுநிலை எனப் பெயரிட்டுப் புறத்திணையில் இடங்கொடுத்தது நம் இலக்கணம். செய்வதறியாது கையற்று நிற்பவன் தன் நாவினால் செய்யக்கூடிய கடைசிக் கடமை அது. இதனையெல்லாம் மேடைதோறும் எடுத்துரைக்கும் நம் பெரியோர் சிலர், கல்முனைக் கடற்கரையில் இளைஞர் நால்வர் கூடிக் கைப்பேசியில் தாளம் எழுப்பி, மறைந்த தோழன் பெயரைச் சொல்லி ‘ராப்’ பாடினால் மட்டும், “இது பாட்டன்று, கூச்சல்” என்று முகஞ் சுளிக்கின்றனர். கபிலருக்கு ஒரு நீதி, கல்முனைக்குடி வாலிபனுக்கு வேறொரு நீதியோ?

இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் ஒலித்த ஒரு பாட்டின் வரலாறு, நம் கரையோர மக்களுக்குப் பாடமாக அமையத் தக்கது. அதனை முதலிற் கூறுவோம்.

1997ஆம் ஆண்டின் பாட்டு

ராப் என்பது 1970களில் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், வறிய கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த தெருக்களிற் பிறந்த கலை. வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாதவர்கள், பழைய இசைத்தட்டின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் எதுகையும் இயைபும் தாளமும் அமையச் சொற்களை அடுக்கினர். அந்த மரபில் வந்த பெருங்கலைஞர் கிறிஸ்தோபர் வொலஸ். உலகம் அவரை நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்று அறியும். 1997 மார்ச் 9ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகர வீதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24.

அவ்வாண்டிலேயே, அவருடைய தோழரும் இசைத்தட்டு வெளியீட்டாளருமான ஷோன் கோம்ஸ், பப் டடி என்னும் பெயரில் ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’ என்ற இரங்கற் பாட்டை வெளியிட்டார். மாண்டவரின் மனைவி பெய்த் எவன்ஸ் பல்லவியைப் பாடினார். 112 என்னும் குழுவினர் உடன் பாடினர். அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 11 வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. 1998இல் கிராமி விருதும் பெற்றது. ஆங்கிலம் அறியாதோரும் அதைக் கேட்டு நெஞ்சுருகினர். மரணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை அன்றோ!

ஒன்றை மறைக்காது கூறிவிடுதல் எமது கடன். அப்பாட்டைப் பாடிய கோம்ஸ், 2025இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றத்தில் விபசாரத்தின் பொருட்டு ஆட்களைக் கொண்டுசென்ற இரு குற்றங்களுக்குக் குற்றவாளியாகக் காணப்பட்டு, 50 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவரைப் போற்றுவது எமது நோக்கமன்று. பாட்டின் வழக்கு வேறு, பாடியவரின் வழக்கு வேறு. எமக்கு ஈண்டு வேண்டுவது முன்னதே.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

அந்தப் பாட்டின் மெட்டுப் புதியதன்று. 1983இல் பொலிஸ் என்னும் ஆங்கிலேயக் குழு வெளியிட்ட ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ என்ற பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மூலப் பாட்டோ இரங்கற் பாட்டன்று. பிரிந்த காதலியின் ஒவ்வோர் அசைவையும் விழித்திருந்து கண்காணிக்கும் பொறாமைக்காரன் ஒருவனின் பாட்டு. அதனை நண்பனின் கல்லறைக்குக் கொண்டுசென்று கண்ணீர்ப் பாட்டாக்கியது பின்வந்தவர்களின் சோகம். ஆனால் மெட்டை எடுப்பதற்கான அனுமதி உரிய காலத்திற் பெறப்படவில்லை. விளைவு என்ன? ஆக்கவுரிமையால் வரும் தொகை முழுவதும் மூலப்பாட்டின் ஆசிரியராகிய ஸ்டிங் என்பவருக்குச் சென்றது. அழுதவர் ஒருவர், அறுவடை செய்தவர் வேறொருவர்!

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கேட்டவுடன் நெஞ்சிற் பதியும் அந்தக் கித்தார் இழையை மீட்டியவர் ஸ்டிங் அல்லர், அக்குழுவின் அன்டி சமர்ஸ். பாட்டின் ஆசிரியர் பெயரில் அவர் இடம்பெறவில்லை. குழுத் தோழர்கள் இருவரும் தமக்குரிய தொகை குறித்து ஸ்டிங்கின்மீது இலண்டன் உயர் நீதிமன்றத்தில் 2025இல் வழக்குத் தொடுத்தனர். மீட்டிய விரலைச் சட்டம் காண்பதில்லை, பத்திரத்தில் உள்ள பெயரையே காண்கிறது. இது சட்டத்தின் குற்றமன்று, இயல்பு. அந்த இயல்பை அறியாதவனே ஏமாறுகிறான்.

“அமெரிக்காவில் நடந்ததற்கும் நமக்கும் என்ன?” எனக் கேட்பார்க்கு, தமிழிலேயே ஒரு சான்று தருவோம். 2021இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாட்டை அறியாத தமிழர் அரியர். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் தமிழகம் திரும்பிய மூதாதையரின் நினைவை, ஒப்பாரியின் சாயலும் ராப்பின் வேகமும் கலந்து பாடினார் அறிவு. பாடகி தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் அதில் இணைந்தனர். கோடிக்கணக்கானோர் கேட்டனர். பின்னர் எழுந்ததோ, ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் பூசல். அப்பாட்டின் வருவாயிலிருந்து தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என இசையமைப்பாளர் 2024இல் வெளிப்படையாகவே கூறினார். பாட்டனும் பாட்டியும் சிந்திய வியர்வைக்கும் கூலியில்லை, அதைப் பாடிய பேரனுக்கும் கூலியில்லை!

நம் கரையின் கவி

இனி நம் ஊருக்கு வருவோம். மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் இக்கரையிலே, கவி என்னும் செல்வம் இருக்கிறது. வட்டையிலே பரணமைத்து இரவெல்லாம் காவல் காத்தவன் பாடிய கவி. மச்சானுக்கு மச்சி சொன்ன கவி. கவிக்கு எதிர்க்கவி கட்டி, நான்கே அடியில் எதிரியை மடக்கிய கவி. பக்கீர்மார் றபான் அடித்துப் பாடிய பைத்தும் உண்டு. தாளத்தின் மேற் சொல்லை ஏற்றி, எதுகையால் இறுக்கி, எதிர்ப்பவனுக்கு அக்கணமே விடை கட்டும் இக்கலைக்கும் புரொங்ஸ் தெருவின் கலைக்கும் இடையே என்ன பெரிய தூரம்? கடல் ஒன்றே தூரம்.

இக்கரையில் இரங்கற் பாட்டுக்கும் மூதாதை உண்டு. காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலானந்தர், யாழ் நூல் தந்த பேரறிஞர், மறைந்த நண்பரை நினைந்து பாடியதே ‘கங்கையில் விடுத்த ஓலை’. துறவியே நண்பனுக்காக ஓலை விடுத்தார் என்றால், பதினெட்டு வயது வாலிபன் பாட்டு விடுப்பதில் என்ன பிழை? சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் இடையே உள்ள எல்லையை மனிதர் வகுத்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் அந்த எல்லையை மதிக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிரை அன்று இழக்கவில்லை. முஸ்லிமும் தமிழரும் ஒரே மணலில் உறவினரைத் தேடினர். நண்பனுக்கு இரங்கும் பாட்டு, மாண்டவன் எந்த ஊரான், எந்த மதத்தான் எனக் கேட்பதில்லை. அரசியல் மேடைகளில் நாம் பேசிச் சாதிக்காத ஒற்றுமையை, இத்தகைய பாட்டு ஒன்று சாதித்தாலும் சாதிக்கும்.

மார்க்கத்தின் பெயரால் ஒரு தடை எழுப்பப்படுகின்றது. மார்பிலடித்து ஓலமிடுதல் விலக்கப்பட்டது உண்மை. கண்ணீர் விலக்கப்படவில்லை. மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்ததை அறியாதார் இல்லை. நாயகத்தின் மறைவுக்குக் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் இரங்கற்பா பாடினார். உடன்பிறந்தான் ஸக்ருக்காகப் பாடிய கன்ஸா அம்மையாரின் மர்தியாக்கள் அரபு இலக்கியத்தின் அணிகலன்கள். வாத்தியத்தைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம், அதில் நாம் தலையிடோம். ஆனால் நண்பனை நினைந்து சொல்லும் சொல்லையே பழிப்பதற்கு மார்க்கத்தைத் துணைக்கழைப்பது தகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஓர் ஆக்கத்துக்கு ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் பாதுகாப்பளிக்கின்றது. கவிக்கோ ஆசிரியர் பெயர் இல்லை. ஆயினும் அது அநாதையன்று. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, நாட்டார் பாடல் முதலியவற்றையும் பாதுகாக்கின்றது. வாணிப நோக்குடனோ, மரபான சூழலுக்குப் புறம்பாகவோ அவற்றை எடுத்தாள்வோர் அனுமதி பெறவேண்டும், எந்தச் சமூகத்திடமிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்று மூலத்தைக் குறிப்பிடவேண்டும் என்கின்றது. நல்ல பிரிவுதான். ஆனால் மூன்று ஓட்டைகளை நாம் காண்கின்றோம்.

முதலாவது, அடையாளம் காணப்படாத சொத்தை எந்த நீதிமன்றமும் காக்க இயலாது. கவி தெரிந்த பெரியம்மா மறைந்தால் அவரோடு கவியும் மறைகின்றது. நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் போன்றோர் தனி முயற்சியால் திரட்டியவை போக, எஞ்சியவை காற்றிலே கரைகின்றன. நாளை யாரேனும் ஒருவர் அம்மெட்டை எடுத்துத் தம் பெயரிற் பதிந்தால், “இது எங்களது” என்று நிறுவ எம்மிடம் என்ன ஆவணம் உண்டு?

இரண்டாவது, அனுமதி வழங்கும் அதிகாரம் அமைச்சர் நியமிக்கும் அதிகாரியிடம் இருக்கின்றது. வசூலாகும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்கென்று சட்டம் கூறுகின்றதேயன்றி, கவி பிறந்த ஊருக்கென்று கூறவில்லை. நிலத்தைப் போலவே பாட்டின் திறவுகோலும் கொழும்பில் இருக்கவேண்டுமோ?

மூன்றாவது, மிக முக்கியமானது. மருதமுனை வாலிபன் தன் பாட்டியின் கவியை ராப்பாக்கி வெளியிட்டால், அது மரபான சூழலா, புறம்பானதா? சட்டத்தின் சொற்படி அவனையே அனுமதி கேட்கச் சொல்லவும் வழியுண்டு. பாட்டியின் சொத்துக்குப் பேரன் கட்டணம் கட்டுவதா? காப்பதற்கென்று இட்ட வேலி, உழுபவனையே தடுக்கலாகாது.

நாம் கோருவது

எனவே நாம் கோருவன இவை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஊர்தோறும் கவிகளை ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றுடன் களஞ்சியம் அமைக்கவேண்டும். அப்பல்கலைக்கழகத்தின் தோற்றத்துக்கு உழைத்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் தாமே சட்டத்தரணி, தாமே கவிஞர். ‘நான் எனும் நீ’ என்னும் கவிதை நூல் தந்தவர். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி வானூர்தி விபத்தில் அவரை இழந்தோம். அவருக்கு ஆண்டுதோறும் மாலையிடுவதினும் இப்பணி சிறந்த நினைவாகும். அடுத்து, 24ஆம் பிரிவின் அதிகாரத்தில் உள்ளூர் மன்றங்களுக்குப் பங்களித்து, கவி பிறந்த சமூகத்தார் தம் கவியைக் கட்டணமின்றி ஆளும் உரிமையைப் பாராளுமன்றம் ஐயத்துக்கிடமின்றி எழுத்தில் வைக்கவேண்டும். மூன்றாவது கோரிக்கை அரசுக்கன்று, இளைஞருக்கு. பிறர் மெட்டை எடுக்குமுன் அனுமதி பெறுங்கள். கூட்டாகப் பாடினால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பாடுமுன்பே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். நட்பு கெடும் என்று அஞ்சவேண்டா. எழுதாமையாற் கெட்ட நட்பே மிகுதி.

பெரியோர்க்கும் ஒரு சொல். இவ்விளைஞர் இன்று தோழனுக்காகப் பாடுகின்றனர். சுனாமி அகதிகளுக்கென நுரைச்சோலையில் சவூதி உதவியாற் கட்டிய 500 வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்த கதையை நாளை பாடுவர். அப்பாட்டு நம்மையும் கேள்வி கேட்கும், அதற்கு விடை சொல்லும் கடமை நமக்குண்டு. வாலிபர் பாடட்டும். அவர்களின் கண்ணீரும் அவர்களுடையதாகவே இருக்கட்டும், அதன் விளைச்சலும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.