புகைபோக்கியைப் பார்க்காத பயணிகள்

ஷாங்காய் வணிகத்துக்கான ஊர், கலையும் பண்பாடும் வேண்டுவோர் பெய்ஜிங்குக்கோ சியானுக்கோதான் போக வேண்டும் என்ற எண்ணம், சீனப் பயணத்தைப் பற்றிப் பேசுவோரிடமும் எழுதுவோரிடமும் வேதவாக்காகவே படிந்துவிட்டது. இந்தப் பருவத்துக்கென அச்சாகி வந்திருக்கும் சுற்றுலாத் திட்டம் ஒன்று அந்நகரத்துக்கு ஒதுக்கியிருப்பது ஒன்றரை நாள். அதில் பட்டுக்கடைக்கும் முத்துக்கடைக்கும் போன நேரம் போக, ‘பண்ட்’ எனப்படும் ஆற்றங்கரை நடைவழியில் நின்று எதிர்க்கரைக் கோபுரங்களைப் படம் பிடித்துக்கொள்ள முக்கால் மணி நேரம் அருளப்பட்டிருக்கிறது.

அந்த நடைவழிக்குத் தெற்கே, அதே ஹுவாங்பூ ஆற்றின் அதே கரையில், 165 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் நான்ஷி மின்நிலையத்தின் நிலக்கரிப் புகையைக் கக்கிக்கொண்டிருந்த அது, 2010 உலகக் கண்காட்சியில் அரங்கமொன்றின் பகுதியாகி, 2012இல் ‘பவர் ஸ்டேஷன் ஆஃப் ஆர்ட்’ என்ற சமகாலக் கலைக்கூடத்தின் அடையாளமாயிற்று. சமகாலக் கலை என்பதில் இன்றைய தலைமுறையின் ஓவியமும் சிற்பமும் மட்டுமன்றி, காணொளியும், ஓர் அறையையே பொருள்களாலும் ஒலியாலும் நிரப்பிப் பார்ப்பவரை உள்ளே நடக்கவிடும் நிறுவல் கலையும் அடங்கும். சீனப் பெருநிலத்தில் அரசு நடத்தும் முதல் சமகாலக் கலைக்கூடம் இதுவே. பண்பாடற்றது என்று பட்டம் கட்டப்பட்ட ஊரில்தான் அது திறக்கப்பட்டது. புகைபோக்கியின் மேனியே மாபெரும் வெப்பமானியாக ஒளிரும்படி அமைக்கப்பட்டிருக்க, அதன் வயிற்றுக்குள்ளும் படைப்புகள் வைக்கப்படுகின்றன. இத்தனை உயரத்தில் நின்றும் பயணத் திட்டம் எழுதுவோரின் கண்ணுக்கு அது தெரியவில்லை என்றால், குறை புகைபோக்கியிடம் இல்லை.

அது கண்ணில் பட்டுவிட்டாலோ, அடுத்த வசை தயாராக இருக்கிறது: சீனர் செய்வதெல்லாம் நகல், லண்டனின் டேட் மாடர்னும் பழைய மின்நிலையம்தானே! பழைய கட்டடத்தை இடிக்காமல் வைத்துக்கொள்வது நகலென்றால், அந்த நகலை எல்லா ஊர்களும் எடுத்துத் தொலைக்கட்டும். ஈராண்டுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுக் கலைவிழாவுக்குப் பினாலே என்று பெயர். ஷாங்காய் அதை 1996இலேயே தொடங்கி, 2012 முதல் இந்தப் புகைபோக்கியின் அடியில் நடத்திவருகிறது. 2016இல் கூடிய அதன் 11ஆம் பதிப்பைத் தொகுத்து அமைக்கும் பொறுப்பு தில்லியின் ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்ற மூவர் குழுவிடம் தரப்பட்டது. நகலெடுக்கவா தில்லியிலிருந்து ஆள் வரவழைத்தார்கள்?

புகைபோக்கி தற்செயலாக நின்றுவிட்ட ஒன்று என்று தள்ளிவிடவும் இடமில்லை. ஆற்றின் மேற்குக் கரையிலேயே, நிலக்கரி இறக்கிய துறையில் லாங் அருங்காட்சியகம் 2014இல் எழுந்தது. பழைய லுங்ஹுவா விமான நிலையத்தின் எண்ணெய்க் கலன்கள் 2019இல் காட்சிக்கூடங்களாயின. லாங்கை மனைவியோடு சேர்ந்து நிறுவிய லியூ யீச்சியென் ஒரு காலத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். 2014இல் ஏறத்தாழ 3.6 கோடி டாலருக்கு மிங் காலத்துக் கோப்பை ஒன்றை வாங்கி அதில் தேநீர் குடித்ததற்காக உலகமே அவரைப் பார்த்து நகைத்தது. கோப்பையில் குடிக்காமல் வேறு என்ன செய்வதாம்?

விடுதி விஷயத்திலும் இதே பார்வைக் குறைதான். அபினியிலும் பஞ்சிலும் பம்பாய்க் காலத்தில் பெருகிய சாசூன் குடும்பச் செல்வத்தில் 1929இல் எழுந்த, இன்று பீஸ் ஹோட்டல் எனப்படும் மாளிகையை நாகரிகத்தின் சிகரமென்று புகழும் கையேடுகளுக்கு, 1930களின் கட்டடமொன்றைப் பூச்சு உதிர்ந்த சுவரோடு அப்படியே விட்டு 2010இல் 19 அறைகளுடன் திறந்த வாட்டர்ஹவுஸ் விடுதி பழுது பார்க்கப்படாத வீடாகத்தான் தோன்றும். ஆங்கிலேயர் வருமுன் இவ்வூர் வெறும் மீனவக் குப்பம் என்ற கதையும் அதே கையேடுகளில் உண்டு. 1292இலேயே மாவட்டத் தலைமையிடமான ஊர், கடற்கொள்ளையருக்கு அஞ்சி 1553இல் மதில் எழுப்பியது கருவாட்டைக் காக்கவா?

உணவைப் பற்றிய பயமோ தனிப் புராணம். புளிக்காய்ச்சலும் தொக்கும் பெட்டியில் இல்லாமல் சைவர்கள் அங்கே கால் வைக்க முடியாது என்போர் அறியாதது, 1922 முதல் கோங்தெலின் என்ற பௌத்த மரக்கறி உணவகம் அந்நகரில் நடந்துவருகிறது என்பதையும், சோயாப்பால் காயும்போது படியும் ஆடையை மடித்து மடித்து வாத்திறைச்சி போலவே அங்கே சமைக்கிறார்கள் என்பதையும்தான். புலால் உண்போருக்கோ சியாவ்லோங்பாவ் இருக்கிறது: பன்றித்தோல் சாற்றைக் குளிரவைத்து உறைந்த கூழாக்கி, இறைச்சியோடு பிசைந்து, மெல்லிய மாவுக்குள் கொசுவி மூடி மூங்கில் தட்டில் அவித்தால், கூழ் உருகி உள்ளேயே சாறாகிவிடும்; ஓரத்தைச் சிறிது கடித்துச் சாற்றை உறிஞ்சிய பிறகே மிச்சத்தை இஞ்சிச் சீவலோடு கறுப்பு வினிகரில் தோய்த்து உண்பார்கள். முழுதாக வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் ஊர் திரும்பிச் சீன உணவைக் குறித்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

நிலத்தடி ரயிலின் 4ஆம், 8ஆம் தடங்கள் சந்திக்கும் தெற்கு ஷிசாங் சாலை நிலையத்தில் இறங்கினால் அந்தப் புகைபோக்கிக்கு நடந்தே போய்விடலாம். கலைக்கூடத்துக்கு வார விடுமுறை திங்கட்கிழமை.