பயத்தை உண்டாக்கிய தொழில்

"பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்?"

கனடாவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் தாயிடமும் அம்மம்மாவிடமும் வைத்தியசாலைச் சமூகப் பணியாளர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. கீமோ தொடங்கினால் வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க நேரிடும். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட, பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை என்றால் ஏதாவது ஒழுங்கு செய்து கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் கேட்கிற கேள்விதான். ஆனால் வட ஒன்ராறியோவிலிருந்து வரும் பூர்வகுடிப் பெண்கள் பலர் இதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் அடுத்த சந்திப்புக்கு வருவதே இல்லை. கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி ஏறிவிடுகிறது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். இந்த மாகாணத்தில் ஒரு புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நோய்க்கும் ஊசிக்கும் அஞ்சாத அந்தப் பெண்கள் எங்களுக்குப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

1947இல் கனடியச் சமூகப் பணியாளர் சங்கம் இன்னோர் அமைப்புடன் சேர்ந்து நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. மாகாணங்களின் நலச் சேவைகள் பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களான ரிசேர்வுகளுக்கும் போய்ச்சேர வேண்டும் என்றது அந்த அறிக்கை. 1951இல், பூர்வகுடி மக்களை ஆளும் 'இந்தியர் சட்டம்' திருத்தப்பட்டு அதற்கு வழி திறந்தது. அந்த வழியால் நுழைந்த சிறுவர் நலச் சேவைகளால் அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் வெள்ளையர் வீடுகளில் வளர்ந்தார்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவர் சமூகப் பணியாளர். சங்கம் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2019இல்.

பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கர்ப்பிணிப் பெண்மீது சந்தேகம் இருந்தால், பிள்ளை பிறந்ததும் தங்களுக்குத் தகவல் தரும்படி சிறுவர் நல அமைப்புகள் வைத்தியசாலைகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் ஒன்ராறியோவில் 2020 ஒக்டோபரில்தான் நிறுத்தப்பட்டது. 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி, கனடாவில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 வீதம். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 வீதம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியில் உள்ள கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இது தமிழருக்குப் புரியாத விஷயமல்ல. ஸ்காபரோவில் 'சில்ட்ரன்ஸ் எய்ட்' என்ற சிறுவர் நல அமைப்பின் பெயரைச் சொன்னாலே எங்கள் சனத்தின் குரல் இறங்கிவிடும். ஆனால் எங்களுக்கு அது ஒரு பயம். அவர்களுக்கு அது குடும்ப வரலாறு.

பூர்வகுடி மக்களின் இந்த அவநம்பிக்கை உயிரோடு விளையாடுகிறது. பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான முதற்குடி மக்களின் புற்றுநோய் குறித்து 2017இல் வெளியான தேசிய ஆய்வு, மிகப் பரவலான 15 வகைப் புற்றுநோய்களில் 14 வகைகளில் அவர்களின் ஐந்தாண்டு உயிர்தப்பும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு என்று கண்டது. வருமானமும் தொலைதூர வாழ்க்கையும் மட்டும் அந்த இடைவெளிக்குக் காரணமாகவில்லை.

ஹமில்ட்டனில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2014இல் இரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பூர்வகுடிச் சிறுமியின் கீமோவைப் பெற்றோர் இடையில் நிறுத்தி, பாரம்பரிய வைத்தியத்தை நாடினார்கள். சிறுமியைப் பொறுப்பேற்கும்படி வைத்தியசாலை சிறுவர் நல அமைப்பைக் கேட்டது. அமைப்பு மறுத்தது. வழக்கு நீதிமன்றம் போய், நவம்பரில் நீதிபதி வைத்தியசாலையின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். அதே வைத்தியசாலையில் கீமோவை நிறுத்தியிருந்த, மிசிசாகா இனத்தைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி 2015 ஜனவரியில் இறந்துபோனாள். வழக்கில் இருந்த சிறுமிக்கு நோய் திரும்பியது. அப்போது குடும்பம் கீமோவையும் தங்கள் மருந்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. அந்த உடன்பாடு வழக்குக்கு முன்பே பேசி எட்டக்கூடியது என்பது என் அபிப்பிராயம்.

நான் கீமோவை நம்புகிறவள். நிறுத்தாதீர்கள் என்று மன்றாடுகிறவள். ஆனால் பிள்ளையைப் பறித்துவிடுவோம் என்ற மிரட்டல் நடுவில் நிற்கும்போது, மருந்தைப் பற்றிய பேச்சு எந்தக் காதிலும் ஏறாது.

நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980களின் இறுதியில் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தை உருவாக்கினார். அதன் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: பராமரிப்புப் பாதுகாப்பானதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதைப் பெறுகிறவர், கொடுப்பவர் அல்ல. 1992இல் அந்நாட்டுத் தாதியர் சபை இதைப் பயிற்சியில் சேர்த்தது. ராம்ஸ்டன் 2003இல் புற்றுநோயால் காலமானார்.

எங்கள் வைத்தியசாலைகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன, விதியை விட்டுவிட்டன. சுவரில் பூர்வகுடி ஓவியம், கூட்டத் தொடக்கத்தில் இது பூர்வகுடிகளின் நிலம் என்ற ஏற்புரை, கணினியில் ஒரு பயிற்சி, முடிவில் சான்றிதழ். சேஜ், இனிப்புப் புல், சீடர், புகையிலை என்ற நான்கு புனித மருந்துகளில் ஒன்றைக் கொளுத்தி, நோயாளியைச் சுற்றிப் புகை காட்ட ஒரு குடும்பம் விரும்பினால், தீயணைப்பு எச்சரிக்கை மணியைக் காரணம் காட்டி இன்னும் ஓடவைக்கிறோம். இதற்கும் எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகைக்கும் எவ்வளவு தூரம்?

முடி கொட்டும் என்பதைக்கூட இன்னும் கவனமாகச் சொல்லலாம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்த விடுதிப் பள்ளிக்குள் நுழைந்த நாளிலேயே பின்னல் வெட்டப்பட்ட பெண்களில் பலர் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். கீமோவில் தலைமுடி கொட்டும்போது அவர்கள் எந்த நாளுக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று கையேட்டில் இல்லை. உதிரும் முடியைக் குப்பையில் போடாமல் சேர்த்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு பை போதும். முன்கூட்டிக் கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் யார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஒன்ராறியோவின் பிராந்தியப் புற்றுநோய்த் திட்டங்களில், சிகிச்சையில் நோயாளிக்குத் துணை நிற்கும் பூர்வகுடி வழிகாட்டுநர்கள் இருக்கிறார்கள். நோய் உறுதியான முதல் நாளில் என்னைப் போன்றவர்களுக்கு முன்பு நோயாளியைச் சந்திக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சம்பளமும் மேற்பார்வையும் வைத்தியசாலையிடமிருந்து வராமல் பூர்வகுடிச் சுகாதார அமைப்புகளிடமிருந்து வர வேண்டும். அப்போதுதான் வைத்தியசாலை பிழை விட்டால் அதைத் துணிந்து சொல்வார்கள்.

எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்கள் முதல் சந்திப்பிலேயே இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோப்பில் என்ன எழுதுகிறோம், அதை யார் படிப்பார்கள் என்பது ஒன்று. சிறுவர் பாதுகாப்புச் சட்டம் எதை அறிவிக்கச் சொல்கிறது, எதை அறிவிக்கச் சொல்லவில்லை என்பது மற்றது. வறுமையும், நெரிசலான வீடும், பேரப்பிள்ளையைப் பாட்டி வளர்ப்பதும் குற்றமல்ல என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, அவர்கள் தொடங்கும்போது வரட்டும்.

அடுத்தது, பயணம். வடக்கே பல குடியிருப்புகளுக்கு நிரந்தரத் தெருவே இல்லை. பனிக்காலத்தில் உறைந்த ஏரிமேல் போடும் தெரு, மற்றக் காலங்களில் சிறு விமானம். கதிர்வீச்சுக்குக் கிழமையில் ஐந்து நாளாக வாரக்கணக்கில் தண்டர் பேயில் தங்க வேண்டியவருக்குக் கூடவொரு ஆளை அனுப்ப, மத்திய அரசின் திட்டத்தில் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காகத் தொலைபேசியில் காத்திருப்பது என் வேலையின் பெரும்பகுதி. பூர்வகுடிகளில் மற்றொரு பிரிவினரான மெற்றி மக்களுக்கோ அந்தத் திட்டத்திலேயே இடமில்லை. கூட வருபவரையும், தேவைப்பட்டால் இரண்டாமவரையும் நோயாளியே தெரிவு செய்யட்டும். கைக்குழந்தையும் கூட வரட்டும். பிள்ளை பக்கத்தில் இருந்தால் சிகிச்சையை இடையில் விட்டு வீடு திரும்பும் அவசியம் பலருக்கு வராது.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பார்கள். முறிந்துபோன சிகிச்சைக்கும், முற்றிய நிலையில் அவசர விமானத்தில் வரும் நோயாளிக்கும் ஆகிற செலவை யாரும் கேட்பதில்லை.

ஒன்ராறியோ வைத்தியசாலைகளில் தாதியராக, பராமரிப்பு உதவியாளராக (பிஎஸ்டபிள்யூ), சமூகப் பணியாளராக இப்போது ஏராளமான தமிழர் வேலை செய்கிறோம். இந்த நிலத்தின் மக்களுக்கு அரசு என்று அறிமுகமாகும் முகங்களில் எங்களுடையதும் ஒன்று. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் வாக்குக்கு மதிப்பு இருக்கிறது. அடுத்த முறை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் (எம்பிபி) வாசலுக்கு வரும்போது, தமிழ்த் தெருப் பெயர்களோடும் நினைவுச் சின்னங்களோடும் சேர்த்து இதையும் கேளுங்கள்: பூர்வகுடி வழிகாட்டுநர்களின் வேலையை நிரந்தரமாக்குங்கள், அவர்களைப் பூர்வகுடி அமைப்புகளின் கையில் கொடுங்கள்.